நேற்றுவரை நன்றாக இருந்த முயல் இன்று தின்ன மறுத்தால்

நேற்று மாலைவரை வீட்டுக்குள் துள்ளித் திரிந்த முயல், இன்று காலையில் வைத்த கொத்தமல்லியை முகர்ந்துகூடப் பார்க்காமல் மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தால், நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: வயிறு சரியில்லை போலிருக்கிறது, ஒரு வேளை பட்டினி கிடந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பது தலைமுறைகளாக நமக்குப் பழகிய வைத்தியம். மனிதருக்கும், சில வேளைகளில் நாய்க்கும்கூட அது பொருந்தலாம். முயலுக்கு அது பொருந்தவே பொருந்தாது. முயலின் குடல் இரவும் பகலும் ஓயாமல் இயங்குவதற்கென்றே அமைந்தது. புதிய நார் உள்ளே வருவது நின்றால் குடலின் அசைவு குறையும்; அசைவு குறைந்தால் உள்ளிருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும், வலி எழும்; வலி வந்த முயல் மேலும் தின்னாது. இந்தச் சுழல் சில மணி நேரத்திலேயே இறுகி, ஒன்றிரண்டு நாளில் உயிரைப் பறித்துவிடக்கூடியது. இதைக் குடல் இயக்க மந்தம் என்று சொல்லலாம். முயல் பார்க்கும் கால்நடை மருத்துவர்களிடையே ஜிஐ ஸ்டேசிஸ் என்ற பெயரே புழக்கத்தில் இருக்கிறது.

எந்த நேரக் கணக்கை வைத்துக்கொள்வது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த முயல் ஒன்று வழக்கமாகத் தின்னும் வேளையில் தின்னாமல், தனக்கு மிகவும் பிடித்த இலையையும் மறுத்தால், அந்த நிமிடத்திலிருந்தே கவனிக்கத் தொடங்க வேண்டும். 4 முதல் 6 மணி நேரம் அப்படியே நீடித்தால் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். 10 முதல் 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், அது நள்ளிரவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அவசர நிலைதான். வயிறு திடீரென்று உப்பி, முயல் துவண்டு கிடந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. உடனே கிளம்ப வேண்டும்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

ஆடு மாடுகளைப் போல முயல் அசை போடுவதில்லை. அதன் நொதித்தல் வேலை முழுவதும் குடலின் பின்பகுதியில், குருட்டுக்குடல் என்ற பெரிய பையில் நடக்கிறது. முயலின் வயிற்றுக்குள் மிகுந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் உறுப்பு அதுதான். தின்ற புல் பெருங்குடலின் தொடக்கத்துக்கு வந்ததும் அங்கே ஒரு பிரிவினை நடக்கிறது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டரைவிடப் பெரிய நார்த்துண்டுகள் முன்னே தள்ளப்பட்டு, உருண்டையான உலர்ந்த புழுக்கையாக வெளியே வருகின்றன. அதைவிடச் சிறிய துகள்களும் நீரும் பின்னோக்கிக் குருட்டுக்குடலுக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. அங்கே நுண்ணுயிரிகள் அவற்றைப் பதப்படுத்தியபின், பளபளப்பான சவ்வு பூசிய சிறு மணிகள் கொத்தாகச் சேர்ந்த மென்புழுக்கையாக அவை வெளிவரும்போது, முயல் ஆசனவாயிலிருந்தே அதை எடுத்து விழுங்கிவிடுகிறது. முயல் தன் மலத்தைத் தின்கிறதே என்று பதறுபவர்கள் இருக்கிறார்கள். அது நோயல்ல, அதன் ஊட்டத்தில் ஒரு பகுதி.

இந்த இயந்திரத்தைச் சுழலவைப்பது பெரிய நார். அது முயலுக்குச் செரிப்பதில்லை. செரிக்காமல் குடற்சுவரை உரசிக்கொண்டு நகர்வதே அதன் பயன். ஆகவே புல் குறைந்து, மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த உணவு கூடினால் இரண்டு கேடுகள் ஒருசேர வருகின்றன: குடலின் அசைவு குறைகிறது, குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிரிகளின் சமநிலை குலைந்து, வாயுவையும் நஞ்சையும் உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் பெருக இடம் கிடைக்கிறது. இத்துடன் முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் போனது முன்னோக்கித்தான் நகர்ந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது.

வயிற்றில் சேர்ந்த முடிக்கட்டிதான் இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. முயல் தன்னை நாள் முழுவதும் நக்கிச் சுத்தம் செய்துகொள்வதால், நலமாக உள்ள முயலின் இரைப்பையிலும் முடி எப்போதும் இருக்கும். இயக்கமும் நீரும் போதுமானபடி இருக்கும்வரை அந்த முடி புல்லோடு புல்லாக வெளியேறிவிடுகிறது. இயக்கம் குறைந்து உடலில் நீர் வற்றும்போதுதான் அது உணவோடு சேர்ந்து கட்டியாகிறது. பெரும்பாலான வேளைகளில் முடிக்கட்டி என்பது மந்தத்தின் விளைவே என்பதால், அதைக் கரைக்கிறேன் என்று அன்னாசிப் பழச்சாறு கொடுப்பதில் பொருளில்லை. சாறு முடியைக் கரைப்பதில்லை. அதிலுள்ள சர்க்கரை குடலை மேலும் கெடுக்கும்.

நலமான முயலுக்குத் திடீரென்று ஏன் வருகிறது

குடல் மந்தம் தானாக வரும் நோயல்ல. எங்கோ இருக்கும் வேறொரு கோளாற்றின் வெளிப்பாடு. அந்தக் கோளாற்றைக் கண்டுபிடிக்காமல் குடலை மட்டும் அசையவைத்தால் மறுபடியும் வரும். அடிக்கடி காணப்படும் காரணம் உணவுதான்: புல்லை விட்டுவிட்டு கேரட், முட்டைக்கோஸ், பிஸ்கட், சோறு, இட்லி என்று கிடைத்ததைக் கொடுப்பது, அல்லது தீவனத்தை ஒரே நாளில் மாற்றுவது. அடுத்தது வலி. முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. போதிய புல்லை அரைத்துத் தேயாத கடைவாய்ப் பற்களில் கூர்முனைகள் தோன்றி, நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் கிழிக்கும். முன்பற்கள் பார்க்க அழகாக இருக்க, உள்ளே இந்தப் புண் இருக்கலாம். சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புப் படிவு, பாதப் புண், மூட்டு வலி ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

மூன்றாவது அச்சமும் அதிர்ச்சியும். முயல் இரையாகும் விலங்கு. பயம் அதன் குடலை நேராகத் தாக்குகிறது. புது வீடு, நீண்ட பயணம், கூண்டருகே வந்து குரைக்கும் நாய், கூடவே வளர்ந்த முயலின் இறப்பு எல்லாமே போதுமான காரணங்கள். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மறுநாள் முயல் தின்னவில்லை என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வெயிலையும் இதனோடு சேர்க்க வேண்டும். முயலுக்கு வியர்ப்பதில்லை, காதுகளின் வழியாகவும் வேகமான மூச்சின் வழியாகவும்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் அதற்கு இதமானது. 30 டிகிரியைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் ஒரு முயலை வைத்திருப்பது எவ்வளவு கொடுமை என்பதை இந்த எண்களே சொல்லும்.

புழுக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முயல் வலியைக் காட்டிக்கொள்ளாது. கத்தாது, முனகாது. ஆகவே அதன் முகத்தைப் பார்ப்பதைவிடத் தட்டில் கிடப்பதைப் பார்ப்பதே மேல். யாராவது முயலுக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் முதலில் கேட்பது, கடைசியாகப் புழுக்கையை எப்போது பார்த்தீர்கள், அது எப்படி இருந்தது என்பதைத்தான்.

நலமான முயல் ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு புழுக்கைகள் போடும். அவை பெரும்பாலும் ஒரே அளவில், கொண்டைக்கடலை போல உருண்டையாக, வைக்கோல் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். எளிதாகப் பொடிந்து, உள்ளே பொன்னிறப் புல் நார்கள் தெரிய வேண்டும். நாற்றம் இருக்கக் கூடாது. குடல் மெதுவாகும்போது முதலில் அளவு சிறுக்கும். பின் நிறம் கறுத்து, கல்போல இறுகி, நசுக்கினால் உடையாமல் நழுவும். ஒரு முனை கூர்ந்து கண்ணீர்த்துளி வடிவம் எடுக்கும். சில புழுக்கைகள் முடியால் ஒன்றோடொன்று மணிமாலைபோலக் கோத்துக்கொண்டு வரும். இந்த மாற்றங்கள் முயல் தின்ன மறுப்பதற்கு ஓரிரு நாள் முன்பே தட்டில் தெரிந்துவிடுவது உண்டு. அந்தக் கட்டத்தில் கவனித்து, புல்லையும் நீரையும் கூட்டி, கேரட்டையும் குச்சித் தீவனத்தையும் (பெல்லட்) நிறுத்தி, காரணத்தைத் தேடத் தொடங்கினால், பல முயல்கள் மோசமான நிலைக்குப் போகாமலே மீண்டுவிடுகின்றன. இரண்டு முயல்களை ஒரே கூண்டில் வளர்ப்பவர்கள், சந்தேகம் வந்த உடனே ஒன்றை அருகிலேயே தடுப்பு வைத்துப் பிரித்தால்தான் எந்தப் புழுக்கை யாருடையது என்று தெரியும்.

மற்ற அறிகுறிகள் இவற்றைத் தொடர்ந்து வரும். முதுகு குவிந்து, கால்கள் உடலுக்கடியில் இழுத்துக்கொண்டு, கண்கள் பாதி மூடியிருக்கும். அடிக்கடி இடம் மாறி உட்காரும். வயிற்றைத் தரையோடு அழுத்தும். பற்களை நறநறவென்று கடிக்கும் ஓசை கேட்கும். தடவிக் கொடுக்கும்போது முயல் சுகத்தில் எழுப்பும் மெல்லிய பல்லோசை வேறு. இது உரத்து, விட்டுவிட்டு, உடல் இறுகிய நிலையில் வருவது. வயிற்றின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டால், நலமான முயலிடம் அவ்வப்போது மெல்லிய களகள ஓசை இருக்கும். ஓசையே இல்லாதிருப்பதும், ஓயாமல் உரக்கக் குமுறுவதும் இரண்டுமே கெட்ட அடையாளங்கள்.

மந்தமா, அடைப்பா

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். தின்னாத முயல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மருத்துவம் கிடையாது. மெல்ல மந்தமாகும் குடல் ஒரு வகை. இறுகிய முடி உருண்டையோ, துணி நூலோ, விதையோ குடலை அடைத்துவிடுவது முற்றிலும் வேறு வகை. மந்தத்தில் முயல் ஓரிரு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதைக் குறைத்திருக்கும், புழுக்கை சிறுத்திருக்கும், வயிறு பெரும்பாலும் மாவுபோலத் தொய்ந்திருக்கும். அடைப்பில் சில மணி நேரத்துக்கு முன்வரை நன்றாகத் தின்றுகொண்டிருந்த முயல் சட்டென்று நிறுத்திவிடும். விலா எலும்புகளுக்குப் பின்னால் இடப்பக்கம், இரைப்பை காற்றடைத்த பந்துபோல இறுகித் தெரியும். காதுகள் சில்லிட்டு, ஈறுகள் வெளுத்து, முயல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும்.

அடைப்புள்ள முயலுக்குச் சிரிஞ்சில் உணவைத் திணித்தால் ஏற்கெனவே விம்மிய இரைப்பை மேலும் விம்மும்; அது கிழிந்துபோகவும் கூடும். வயிறு இறுகியிருக்கிறதா இல்லையா என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால், எதையும் வாய்க்குள் செலுத்தாதீர்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இதற்காகவே முயல் நலமாக இருக்கும் நாள்களில் அதன் வயிற்றைத் தினமும் மெதுவாகத் தொட்டுப் பழக வேண்டும். நலமான வயிறு கைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு, நோயுற்ற வயிற்றை அடையாளம் காண வழியில்லை.

மருத்துவரை அடையும்வரை வீட்டில்

முயலைத் தூக்கிச் சுற்றிக் காட்டாமல், சத்தமில்லாத இடத்தில், அதற்குப் பழகிய துணியில் வையுங்கள். துணை முயல் இருந்தால் தடுப்புக்கு அப்புறமாவது கண்ணில் படும்படி இருக்கட்டும். புதிய புல்லையும், ஈரம் சொட்டும் கொத்தமல்லி அல்லது புதினாவையும் மூக்கருகே வையுங்கள். தானாக ஒரு தண்டைக் கடித்தாலும் அது பெரிய காரியம். தண்ணீரை உருளைக் குப்பியில் மட்டும் வைக்காமல் அகலமான மண்சட்டியிலும் வையுங்கள். வலியிலிருக்கும் முயலுக்குச் சட்டியில் குடிப்பது எளிது.

அடுத்து உடல் சூடு. முயலின் இயல்பான வெப்பநிலை நம்முடையதைவிடக் கூடுதல். ஆசனவாய் வழியாக அளந்தால் சுமார் 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 100 டிகிரிக்குக் கீழே போனால் நிலைமை மிகவும் மோசம் என்று பொருள். அளக்கும் முறையை மருத்துவரிடம் முன்பே கற்றிருந்தால் மட்டும் அளந்து பாருங்கள். திமிரும் முயலிடம் முதன்முறையாக முயன்று பார்க்கும் நேரம் இதுவல்ல. காதும் பாதமும் சில்லிட்டிருந்தால், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடு அதிகம் என்று தோன்றினால் முயல் விலகிப்போக இடம் இருக்க வேண்டும். மாறாக, வெயிலில் வாடி, வாய் திறந்து மூச்சிரைத்துக் காதுகள் கொதிக்கும் முயலுக்குச் சூடு கொடுக்கக் கூடாது. சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளை மெல்லத் துடைத்து, மின்விசிறியுள்ள அறைக்கு மாற்ற வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கி எடுப்பது அதிர்ச்சியிலேயே அதைக் கொன்றுவிடலாம்.

வயிறு மென்மையாக இருந்து, தொட்டால் முயல் இறுகாமலும் இருந்தால், உள்ளங்கையால் முன்னிருந்து பின்னாக மிக மென்மையாகத் தடவிக் கொடுக்கலாம். தரையில் விட்டுச் சில அடிகள் நடக்கவைப்பதும் வாயு நகர உதவும். இறுகிய வயிற்றை அழுத்தவே கூடாது. குழந்தைகளின் வாயுத் தொல்லைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சைமெத்திகோன் சொட்டு மருந்தைப் பலர் கொடுக்கிறார்கள். அதனால் பெரிய கேடு இல்லை. பெரிய பயன் உண்டு என்றும் சொல்ல முடியாது. அதைக் கொடுத்துவிட்டுப் பலனுக்காகக் காத்திருந்து நேரத்தை இழப்பதுதான் ஆபத்து.

கைவைத்தியத்தில் கவனமாக இருக்க வேண்டும். விளக்கெண்ணெய், ஓம வாட்டர், கிரைப் வாட்டர், சுக்குக் கஷாயம், மோர், அரிசிக் கஞ்சி, ராகிக் கூழ் இவையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு நாம் அன்போடு கொடுப்பவை. முயலின் வாயில் வலுக்கட்டாயமாக விடும் எண்ணெய் எளிதாக நுரையீரலுக்குள் போய்விடும். கஞ்சியும் கூழும் மாவுச்சத்து. கிளாஸ்ட்ரிடியத்துக்கு நாமே தீனி போடுவதற்குச் சமம். வீட்டு மருந்துப் பெட்டியிலிருக்கும் மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். குறிப்பாக அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற ஆண்டிபயாட்டிக் மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், அவை முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்து, நோயைவிட வேகமாகக் கொன்றுவிடும்.

மருத்துவமனையில்

நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் மாடு, ஆடு, நாய், பூனை ஆகியவற்றையே அன்றாடம் பார்ப்பவர்கள். திறமை குறைவு என்று இதற்குப் பொருளல்ல. முயலுக்குரிய மருந்தும் அளவும் வேறு என்பதுதான் செய்தி. வலிக்குக் கொடுக்கும் மெலாக்ஸிகாம் என்ற மருந்தையே எடுத்துக்கொண்டால், எடைக்கு எடை நாய்க்குத் தேவைப்படுவதைவிட முயலுக்குக் கூடுதலான அளவு தேவைப்படுகிறது. ஆகவே முயலை வாங்கிய வாரத்திலேயே, முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் யார், இரவில் யார் கிடைப்பார் என்று விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இருக்கின்றன. முன்கூட்டியே நேரில் சென்று, முயலுக்கு எந்த நாளில் எந்தப் பிரிவு என்று கேட்டு வருவது பின்னால் அலைச்சலைக் குறைக்கும்.

போகும்போது கடைசியாகக் கிடைத்த புழுக்கைகளை ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது, எப்போது சிறுநீர் கழித்தது, கடந்த வாரம் உணவில் என்ன மாற்றம், துணியோ கம்பளமோ கடித்ததா என்பவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் நேரம் குழம்பிவிடும். பெட்டிக்குள் புல்லும் துண்டும் இருக்கட்டும். பேருந்திலோ ஆட்டோவிலோ போகும்போது பெட்டியைத் துணியால் மூடினால் பயம் குறையும். ஆனால் காற்றுப் போக வழி இருக்க வேண்டும்.

அங்கே முதல் கேள்வியே அடைப்பு இருக்கிறதா என்பதாகத்தான் இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் இரைப்பையில் வாயுவும் நீரும் தேங்கியிருப்பது தெரியும். இரத்தச் சர்க்கரையும் நல்ல துப்பு. முயலுக்கு அது டெசிலிட்டருக்கு 360 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், சாதாரண மந்தத்தைவிட அடைப்பையே சந்தேகிக்க வேண்டும் என்று முயல் மருத்துவத்தில் கொள்கிறார்கள். அடைப்பு இல்லை என்று தெளிந்தபின் மருத்துவம் மூன்று தூண்களில் நிற்கிறது: வலி நீக்கம், நீரேற்றம், ஊட்டம். தோலுக்கடியிலோ இரத்தக்குழாய் வழியாகவோ ஏற்றும் திரவம் குடலுக்குள் காய்ந்து கிடப்பதை இளக்கும். குடலைத் தூண்டும் மெட்டோகுளோப்ரமைட், சிசாப்ரைடு போன்ற மருந்துகளை மருத்துவர் தேவை பார்த்துச் சேர்ப்பார். அடைப்பு இருக்கும்போது அவை ஆபத்தானவை. வலி மருந்து கொடுக்காமல் ஆண்டிபயாட்டிக் ஊசி மட்டும் போட்டு அனுப்பினால், வலிக்கு என்ன செய்யலாம் என்று பணிவாகக் கேளுங்கள். வலி தணியாத முயல் தின்னாது. தின்னாதவரை குடல் அசையாது. வாயைத் திறந்து கடைவாய்ப் பற்களைப் பார்க்கும்படியும் கேளுங்கள்.

சிரிஞ்சில் ஊட்டும் முறை

மருத்துவர் ஊட்டச் சொன்னபின், இது உங்கள் பொறுப்பு. தின்னாத முயலின் உடல் தன் கொழுப்பைக் கரைத்து ஈரலில் சேர்க்கத் தொடங்கும். பருத்த முயல்களுக்கு இது விரைவில் ஈரலைச் செயலிழக்கச் செய்யும். ஆகவே ஒரு வேளையும் தவறக் கூடாது.

நார் மிகுந்த மீட்பு உணவுப்பொடி கிரிட்டிக்கல் கேர் என்ற பெயரில் இணையவழிக் கடைகளில் கிடைக்கிறது. முயல் வளர்க்கும் வீட்டில் ஒரு பை எப்போதும் இருப்பது நல்லது. நோய் வந்தபின் ஆர்டர் செய்தால் வந்து சேர நாள்கள் ஆகும். அது கையில் இல்லாதபோது, வழக்கமான குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, கட்டியில்லாமல் மசித்து, வடிகட்டியில் தேய்த்து எடுத்தால் தற்காலிகமாகப் பயன்படும். குழந்தைகளுக்கான செரலாக் வகை உணவுகளில் பாலும் சர்க்கரையும் இருப்பதால் அவை கூடாது.

முயலைத் துண்டில் சுற்றி, நான்கு கால்களும் கீழே ஊன்றியபடி மேசைமேல் அல்லது மடியில் உட்காரவையுங்கள். மல்லாத்திப் போட்டு ஊட்டக் கூடாது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. உதட்டோரத்தில் சிரிஞ்சின் முனையை நுழைத்தால் நேராக அங்கே போய்ச் சேரும். தொண்டையை நோக்காமல், நாக்கின் குறுக்காக, ஒருமுறைக்கு 1 மில்லி அளவே விட வேண்டும். தாடை அசைந்து, மென்று விழுங்குவதைப் பார்த்தபின் அடுத்தது. இருமினாலோ மூக்கில் வந்தாலோ உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லி வீதம், ஒரு நாளில் நான்கைந்து வேளை கொடுப்பது வழக்கம். 2 கிலோ முயலுக்கு ஒரு வேளைக்கு 20 மில்லியில் தொடங்கலாம். உங்கள் முயலுக்கான அளவை மருத்துவர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியபின் தாடையைத் துடைத்துவிடுங்கள். காய்ந்த உணவு தோலைப் புண்ணாக்கும்.

முதலில் வரும் புழுக்கைகள் சிறுத்து, கோணலாக, சளி படிந்து இருக்கும். அதைப் பார்த்து ஏமாற்றமடைய வேண்டாம். குடல் அசைந்துவிட்டது என்பதன் முதல் செய்தி அதுதான். அளவு மெல்லப் பெருத்து, முயல் தானாகவே புல்லைத் தேடித் தின்று, புழுக்கை பழைய வடிவத்துக்குத் திரும்பும்வரை ஊட்டுவதைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள். ஒரு வேளை தானாகத் தின்றுவிட்டது என்று மருந்தையும் ஊட்டத்தையும் ஒரேயடியாக நிறுத்துவதால்தான் பல முயல்கள் இரண்டாம் முறை விழுகின்றன.

மறுபடி வராதிருக்க

முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். இரவும் பகலும் தீராமல் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் டிமோத்தி உலர்புல் நல்லதுதான். விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கின்றன. பூச்சிமருந்து அடிக்காத, சாலையோரம் அல்லாத இடத்தில் அறுத்து, கழுவி, நிழலில் உலர்த்திச் சேமிக்கலாம். பூசணம் பிடித்தது ஒரு பிடிகூடச் சேரக் கூடாது. வேலிமசால், முயல் மசால், குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனங்களில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. வளரும் குட்டிகளுக்கு உதவும், வளர்ந்த முயலுக்கு அவ்வப்போது ஒரு கைப்பிடி போதும். நெல் வைக்கோலைப் படுக்கையாக இடலாம். அதை மட்டுமே தீனியாக நம்ப முடியாது. குச்சித் தீவனம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அளவைத் தாண்ட வேண்டாம். பண்ணைகளுக்கென்று விற்கும் தீவனம் முயல் விரைவாக எடை கூடுவதற்காகச் செய்யப்படுவது. வீட்டில் பல ஆண்டுகள் வாழ வேண்டிய முயலுக்கு, பையில் நார்ச்சத்து 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எந்தப் புது உணவையும் ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும்.

கோடையில் மண்சட்டியில் இருவேளை புதுத் தண்ணீர், கீரையை நனைத்தபடியே கொடுப்பது, கூண்டின் மேல் ஈரச்சாக்கு, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைப்பது இவை பெரும்பாலும் போதும். தீபாவளிக்கு முந்தைய நாளே முயலை வீட்டின் நடு அறைக்கு மாற்றி, ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டியும் குவியலாகப் புல்லும் வைத்து, சன்னல்களைச் சாத்திவையுங்கள். அடுத்த இரண்டு நாளும் தட்டைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். முடி உதிரும் பருவத்தில் தினமும் சீவி எடுப்பதும், நாளுக்குச் சில மணி நேரம் கூண்டுக்கு வெளியே ஓடவிடுவதும் குடலுக்கு நல்லது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிவைத்தால், கண்ணுக்குத் தெரியாத பல் வலிகூட எண்ணில் தெரிந்துவிடும்.

கருத்தடை அறுவைக்கோ பல் சிகிச்சைக்கோ கொண்டுபோகும்போது, முந்தைய இரவிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள் என்று நாய்க்குச் சொல்வதையே முயலுக்கும் சொல்லிவிடுவது உண்டு. முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் நீண்ட பட்டினிக்குத் தேவையே இல்லை; பட்டினி போட்டால் அறுவைக்குப் பின் குடல் நின்றுபோகும் வாய்ப்புக் கூடுகிறது. அறுவை செய்யும் மருத்துவரிடம் இதை முன்கூட்டியே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மயக்கம் தெளிந்ததும் முன்னால் வைப்பதற்காக, முயலுக்குப் பழகிய புல்லையும் கொத்தமல்லிக் கட்டையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.